ஃபேன் கெபாசிட்டரில் பாடும் ஸ்பீக்கர்

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்று ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "தம்பி, டி.வி. ரிப்பேர் பண்ணுவியா?" இரண்டாவது கேள்வி, "அப்போ ஸ்பீக்கர் பாக்ஸ் செஞ்சு குடுப்பியா?" முதல் கேள்விக்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு இருக்கிறது. அதைத்தான் இந்த ஆண்டு மலரில் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பெட்டி செய்வது ஆசாரி வேலை. ஸ்பீக்கர்களைக் கடையில் வாங்கிவிடலாம். நமக்கென்று மிஞ்சுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற க்ராஸ்ஓவர் ஒன்றுதான். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருக்கும் பெரிய கோன், அதாவது வூஃபர், தவிலையும் பேஸ் கிட்டாரையும் பாடும். சின்ன ட்வீட்டர் தாளத்தின் 'சிங்' ஒலியையும் பாட்டின் ச, ஸ எழுத்துகளையும் பாடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து எல்லாம் கலந்து ஒரே ஜோடி ஒயரில் வருகிறது. பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரர் "லாரி இந்தப் பக்கம், சைக்கிள் அந்தப் பக்கம்" என்று பிரித்து விடுவார் அல்லவா, அந்த வேலையைச் செய்வது க்ராஸ்ஓவர். கெபாசிட்டர் உயர்ந்த அதிர்வெண்ணை விடும், காயில் தாழ்ந்ததை விடும். போலீஸ்காரர் டீ குடிக்கப் போய்விட்டால் லாரி சைக்கிள் மேல் ஏறும். ட்வீட்டர் கருகும்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். என் மாமா விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கூழ் ஊற்றுதல், கருமாதி, எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிதான். என் செமஸ்டர் ஃபீஸும் ஹாஸ்டல் மெஸ் பில்லும் அந்த நாலு பெட்டியிலிருந்துதான் வருகின்றன. ஆடி மாசம் வந்தால் வருமானம் வரும். கூடவே ட்வீட்டரும் போகும். ஒரு சீசனுக்கு மூன்று, நாலு டயாஃப்ரம் மாற்றுவது வழக்கம். போன வருடம் ஒரு ரிசப்ஷனில் ராத்திரி எட்டு மணிக்கே இரண்டு பெட்டியில் ட்வீட்டர் அவுட். பாடகி போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்ததாம். பெண் வீட்டார் பேசிய தொகையில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் மாமா அம்மாவிடம், "ஆடி முடிஞ்சதும் செட்டை வித்துடலாம்னு இருக்கேன்க்கா" என்றார். அன்று சாப்பிடும்போது வீட்டில் யாரும் பேசவில்லை. எனக்கு இன்னும் மூன்று செமஸ்டர் பாக்கி இருந்தது.

லீவில் போய் நாலு பெட்டியையும் திறந்தேன். உள்ளே கைப்பிடி அகலத்தில் ஒரு போர்டு. மேலே '400 வாட்' என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர். எந்தக் கடையில் வாங்கியது என்பது இங்கே வேண்டாம். அதே மாதிரி போர்டை அதற்குப் பிறகு பல கடைகளில் பார்த்துவிட்டேன். அதில் வூஃபருக்கு ஃபெரைட் குச்சியில் மெல்லிய ஒயர் சுற்றிய ஒரு காயில். ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெபாசிட்டர்: 4.7 மைக்ரோ ஃபாரட், நான்-போலார் எலக்ட்ரோலைட்டிக், 50 வோல்ட். அவ்வளவுதான்! நாலில் இரண்டு கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. ஒன்று மல்டிமீட்டரில் நேராக ஷார்ட் காட்டியது.

இனிமேல் முதல் வருடக் கணக்குதான். மாமாவின் ஆம்ப்ளிஃபயர் ஒரு பெட்டிக்கு, 8 ஓமில், 200 வாட் தருகிறது. 200-ஐ 8-ஆல் பெருக்கினால் 1600. அதன் வர்க்கமூலம் 40 வோல்ட். இது ஆர்.எம்.எஸ். உச்சம் பார்த்தால் 56 வோல்ட்டுக்கு மேல். தாழ்ந்த அதிர்வெண்ணில் இந்த வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுவதும் கெபாசிட்டர் தலையில்தான் இறங்கும். அதைத் தடுத்து நிறுத்துவதுதானே அதன் வேலை. 50 வோல்ட் தாங்கும் சாமானிடம் 56 வோல்ட்டை விடிய விடிய நிறுத்தச் சொன்னால்? சூடாகும், உப்பும், ஒரு நாள் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆன அடுத்த நொடி தவில் அடி முழுக்க ட்வீட்டருக்குப் போகும். மாமா இத்தனை வருடம் டயாஃப்ரம் மாற்றிக்கொண்டே இருந்தார். கொன்றது பக்கத்தில் இருந்த ஐந்து ரூபாய் சாமான்.

கெபாசிட்டர் நல்லதாகவே இருந்தாலும் அந்த டிசைனில் பாதுகாப்பு போதாது. ஒற்றைக் கெபாசிட்டர் ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான் குறைக்கும். 8 ஓம் ட்வீட்டரோடு 4.7 மைக்ரோ ஃபாரட் போட்டால் 1000 ஹெர்ட்ஸில்கூட 5 சதவீதத்துக்கு மேல் பவர் உள்ளே நுழைகிறது. ஒரு கெபாசிட்டரும் ஒரு காயிலும் சேர்த்து 12 டெசிபல் வகை செய்து, 3000 ஹெர்ட்ஸில் பிரித்தால், அதே 1000 ஹெர்ட்ஸில் நுழைவது 1.2 சதவீதம். 500 ஹெர்ட்ஸில் முதல் வகை 1.4 சதவீதம் விடும். இரண்டாவது வகை 0.1 சதவீதம்கூட விடாது. ட்வீட்டருக்கு இது வாழ்வா சாவா வித்தியாசம்.

இந்த 12 டெசிபல் வகைக்கு பட்டர்வொர்த் ஃபில்டர் என்று பெயர். ஸ்டீஃபன் பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1930-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. (பேரில் மட்டும் வெண்ணெய், நம் மெஸ்ஸில் அதுவும் கிடையாது.) 8 ஓமுக்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் அவர் கணக்கில் வரும் மதிப்பு 4.7 மைக்ரோ ஃபாரட், 0.6 மில்லி ஹென்றி. ட்வீட்டர் பக்கம் கெபாசிட்டர் தொடரில், காயில் குறுக்கே. வூஃபர் பக்கம் காயில் தொடரில், கெபாசிட்டர் குறுக்கே. இரண்டு பக்கமும் ஒரே மதிப்புகள். 15 இஞ்ச் கோனை 3000 வரை பாடவிடுவது உத்தமம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாமாவின் ட்வீட்டர் அதற்குக் கீழே தாங்காது. இருப்பதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். இன்னொன்று, இந்த வகையில் ட்வீட்டரின் ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 3000 ஹெர்ட்ஸில் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அந்த இடத்தில் பள்ளம் விழும்.

ஆக, கணக்கு காகிதத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சாமான் சேர்க்கத்தான் ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் எல்லோரும் போகும் இடத்துக்கே போனேன். ரிச்சி தெரு! எழும்பூரில் இறங்கி, கூவத்தைத் தாண்டி, சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடந்தால் கையில் இருக்கும் காசு அப்படியே இருக்கும், சட்டை மட்டும் நனையும். ரிச்சி தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்து நம்மைப் போன்றவர்களுக்குத் திருப்பதி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலமும் போகாதீர்கள், கடைக்காரருக்கு நம் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. வாரநாளில் காலை பதினொரு மணி, அதுதான் முகூர்த்தம்.

முதல் கடையில், "4.7 மைக்ரோ, நான்-போலார் வேணும்ண்ணே" என்றேன். டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டார். வோல்டேஜ் கேட்டேன். "50, 63, எல்லாம் ஒண்ணுதான் தம்பி." ஒன்றுதான் இல்லை என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் பரிசோதனைக்கென்று பத்து வாங்கிக்கொண்டேன். பிறகு நம் லேபில், மேடத்திடம் அனுமதி வாங்கி எல்.சி.ஆர். மீட்டரில் அளந்தபோது ஒன்று 3.9 காட்டியது, ஒன்று 5.5 காட்டியது, மற்றவை நடுவில். எலக்ட்ரோலைட்டிக்கில் 20 சதவீதம் இப்படி அப்படி இருப்பது சட்டப்படி சரிதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடது பெட்டியும் வலது பெட்டியும் வேறு வேறு இடத்தில் பிரிந்தால் பாட்டு மேடையின் நடுவில் நிற்காது.

இரண்டாவது கடை, கார் ஆடியோ, ஹைஃபை என்று கண்ணாடிக் கதவு போட்ட கடை. அங்கே பாலிப்ராப்பிலீன் கெபாசிட்டர் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. பட்டு மாதிரி நீலக் கலர், பொன் எழுத்து. ஒன்று தொள்ளாயிரம் ரூபாய் சொன்னார். ஒரு ஜோடிப் பெட்டிக்கு நாலு வேண்டும். "இதைப் போட்டா சவுண்டு அப்படியே திறந்துக்கும் தம்பி" என்றார். எனக்குத் திறந்தது பர்ஸ் மட்டும். பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

மூன்றாவது இடம் கடைகூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு டேபிள் லாம்ப், சால்டரிங் அயர்ன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். பெயர் கேட்டேன், "பேரு எதுக்கு, சாமான் சொல்லு" என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உனக்கு வேண்டியது பாலிப்ராப்பிலீன், நல்ல வோல்டேஜ், அஞ்சு பர்சன்ட்டுக்குள்ள மதிப்பு. அவ்ளோதானே? உங்க வீட்ல ஃபேன் இருக்கா?" என்றார். நான் விழித்தேன். "ஃபேன் கெபாசிட்டரை உடைச்சுப் பாரு, உள்ள என்ன இருக்குன்னு. இங்க வந்து ஏன் நிக்கிற?"

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்வதானால் அந்தப் பெரியவர் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனில் இருக்கும் கெபாசிட்டர் உலோகம் பூசிய பாலிப்ராப்பிலீன் படலத்தில் செய்தது. 440 வோல்ட் ஏ.சி. என்று மேலேயே அச்சிட்டிருக்கும். 5 சதவீதம் என்றும் போட்டிருக்கும். கோடைகாலம் முழுக்க ஃபேனில் ராப்பகலாக ஓடுவதற்கென்றே செய்தது. இந்திய தரக்கட்டுப்பாட்டில் மோட்டார் கெபாசிட்டருக்கென்று தனியாக ஐ.எஸ். 2993 என்ற தர எண்ணே இருக்கிறது. 56 வோல்ட்டெல்லாம் அதற்குத் தூசு. இழப்பும் மிகக் குறைவு. நீலக் கலரும் பொன் எழுத்தும்தான் இல்லை.

மதிப்பு? 4.7 கிடைக்காது. ஆனால் ஃபேனுக்கு 2.25 வரும், 2.5 வரும், 3.15 வரும். 2.25-ஐயும் 2.5-ஐயும் பக்கவாட்டில் இணைத்தால் 4.75! பட்டர்வொர்த்தே வந்து கேட்டாலும் இதற்கு மேல் நெருக்கமாகத் தர முடியாது. நம் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் உள்ள எலக்ட்ரிக்கல் கடையிலேயே இருந்தது. ஒன்று ஐம்பது ரூபாய்க்குள். 2.25 எட்டு, 2.5 எட்டு கேட்டேன். கடைக்காரர் எண்ணிப் போட்டுவிட்டு, "எத்தனை ஃபேன் தம்பி, கல்யாண மண்டபமா?" என்றார். ஸ்பீக்கருக்கு என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினார், நம்பவில்லை.

பதினாறையும் அளந்தேன். எல்லாம் அச்சிட்ட மதிப்பிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருந்தன. சற்றுக் குறைந்ததையும் சற்றுக் கூடியதையும் ஜோடி சேர்த்தால் எட்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. இப்படி நிறைய வாங்கி, அளந்து, ஜோடி சேர்ப்பதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே சொத்து. லேபில் மீட்டர் இருக்கிறது, நமக்கு நேரமும் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கை. பழைய ஃபேனிலிருந்து கழற்றியது வேண்டாம். வயதானால் அதன் மதிப்பு குறைந்துவிடும். பல வீடுகளில் ஃபேன் சோம்பலாகச் சுற்றுவதற்கு அதுவே காரணம். மோட்டாருக்கு வரும் கறுப்பு உருண்டை ஸ்டார்ட் கெபாசிட்டர் வேண்டவே வேண்டாம். அது எலக்ட்ரோலைட்டிக், சில நொடி மட்டும் வேலை செய்யப் பிறந்தது. காயலான் கடையில் கிடைக்கும் பழைய எண்ணெய் டின் கெபாசிட்டரை ஆசைப்பட்டு உடைக்காதீர்கள். அந்தக் காலத்தில் சிலவற்றில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் ஊற்றியிருந்தார்கள்.

அடுத்தது காயில். ரெடிமேட் காயில் ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஆனால் மதிப்பு கேட்டால் "ட்வீட்டர் காயில், வூஃபர் காயில்" என்பார்களே தவிர மில்லி ஹென்றி சொல்லமாட்டார்கள். உள்ளே ஃபெரைட் வைத்தது பெரிய சத்தத்தில் திகட்டிப் போய் மதிப்பை இழக்கும். காற்றுக் காயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதை நாமே சுற்றிவிடலாம்.

இதற்கும் ஆடியோ கடை வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் போர் மோட்டார் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு ரீவைண்டிங் கடை இருக்கும். எனாமல் பூசிய செம்புக் கம்பியை எடை போட்டுத் தருவார்கள். நான் வாங்கியபோது கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டிருந்தது. ட்வீட்டர் பக்கத்துக்கு 20 கேஜ் போதும். வூஃபர் பக்கத்தில் முழு பவரும் கம்பி வழியாகப் போவதால் 18 கேஜ் எடுத்தேன்.

ஹரால்ட் வீலர் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1928-ல் காயிலுக்கு ஒரு சுலபமான சூத்திரம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் சுற்றிய அளவைத் தருகிறேன். சுவரில் ஒயரிங் செய்யும் 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் ஹைலம் ஷீட்டில் வட்டம் வெட்டி ஒட்டவும். இடைவெளி 20 மில்லிமீட்டர். 20 கேஜ் கம்பியை ஒரு வரிசைக்கு 20 சுற்று வீதம் எட்டு வரிசை, மொத்தம் 160 சுற்று சுற்றினால் 0.6 மில்லி ஹென்றியைச் சற்றே தாண்டும். கம்பி 16.5 மீட்டர், 100 கிராம், மின்தடை 0.44 ஓம். 18 கேஜ் என்றால் இடைவெளியை 26 மில்லிமீட்டர் ஆக்கி 165 சுற்று. எடை 190 கிராம், மின்தடை 0.27 ஓம். ஐந்து சுற்று அதிகமாகவே சுற்றிவிட்டு, அளந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் குறைக்கவும். சேர்ப்பதைவிடப் பிரிப்பது சுலபம்.

எல்.சி.ஆர். மீட்டர் கைக்குக் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி. காயிலையும் அளந்து வைத்த 4.7 கெபாசிட்டரையும் தொடரில் இணைத்து, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒரு 100 ஓம் வழியாகக் கொடுத்து, இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே வோல்டேஜைப் பாருங்கள். அதிர்வெண்ணைத் திருப்பும்போது எங்கே வோல்டேஜ் அடிமட்டத்துக்கு விழுகிறதோ அதுதான் ரெசனன்ஸ். 0.6-க்கும் 4.7-க்கும் அது சரியாக 3000 ஹெர்ட்ஸில் வரும். நாம் பிரிக்க நினைத்த அதே 3000! இரண்டாம் வருட லேபில் ஸீரிஸ் ரெசனன்ஸ் பரிசோதனையை ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்தோமே, அது ஒரு நாள் சோறு போடும் என்று யார் நினைத்தது?

கம்பி வாங்கும்போது பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னினால் அலுமினியம். மேலே மட்டும் செம்பு பூசிய அலுமினியமும் உலவுகிறது. அதை வெட்டுமுனையில்தான் பார்க்க முடியும். கையில் தூக்கினாலும் தெரியும், செம்பைவிட எடை மிகவும் குறைவு. சந்தேகம் தீராவிட்டால் காயிலில் 1 ஆம்பியர் விட்டுக் குறுக்கே அளங்கள். 20 கேஜ் காயிலில் 0.44 வோல்ட் வந்தால் செம்பு. 0.7 வோல்ட் வந்தால் கடைக்குத் திரும்பிப் போகவும். மல்டிமீட்டரின் ஓம் வரிசையை இவ்வளவு சின்ன மதிப்புக்கு நம்ப வேண்டாம். நான் முதலில் போன ரீவைண்டிங் கடையில் 'அசல் செம்பு' என்று எடை போட்டது சுரண்டியதும் பல்லைக் காட்டியது. கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்றார். இருக்கலாம். நான் வாங்கவில்லை, அடுத்த தெருவுக்குப் போனேன்.

இரண்டு காயிலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வைக்காதீர்கள். ஒன்று படுத்திருந்தால் மற்றது நிற்கட்டும், நடுவில் நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். பலகையில் பிடித்து இறுக்க இரும்பு போல்ட் கூடாது, பித்தளை அல்லது நைலான். ஹாட் குளூ போட்டு ஒட்டினால் சித்திரை வெயிலில் லாரி மேல் கிடக்கும் பெட்டிக்குள் அது உருகிவிடும். நான் நைலான் டேகும் சிலிகானும் போட்டேன்.

ரெசிஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாமாவின் ஹார்ன் ட்வீட்டர் வூஃபரைவிட உரக்கப் பாடும். அதை 6 டெசிபல் அடக்க 3.9 ஓம் தொடரில், 8.2 ஓம் குறுக்கே, இரண்டும் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். ஃபில்டருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் போட்டால் ஃபில்டர் பார்ப்பது அதே 8 ஓம். ட்வீட்டருக்குப் போகும் பவரும் நாலில் ஒன்றாகிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும், எதை வாங்கினாலும் சரி.

அந்தத் தொள்ளாயிரம் ரூபாய் நீலக் கெபாசிட்டர் என் மனசை விட்டுப் போகவில்லை. அதிர்ஷ்டவசமாக ஒரு சீனியர் அண்ணனிடம் அதே வகையில் ஒன்று இருந்தது, இரவல் தந்தார். ஹாஸ்டலில் ஒரு பெட்டியை வைத்து, ஒரு ஸ்விட்சில் ஃபேன் கெபாசிட்டரையும் நீலத்தையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஸ்விட்ச் போடுபவன் கட்டிலுக்குப் பின்னால். எது ஓடுகிறது என்று கேட்பவர்கள் எழுதித் தர வேண்டும். பத்து முறை, ஆறு பேர். நடுநிசி வரை நடந்தது, வார்டன் வந்து இரண்டு முறை திட்டினார். முடிவில் காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்குதான் வந்திருக்கும். எட்டு சரியாகச் சொன்ன ஒரே ஒருவன், மறுநாள் காலையில் திரும்ப வைத்தபோது நாலுதான் எடுத்தான். வெளிநாட்டுச் சரக்கு மட்டம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகச் செய்த சாமான்தான். ஆனால் அந்தக் காசுக்கு எங்கள் காது ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மதிப்பு சரியாக இருந்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் ஜோடியைப் பெட்டிக்குள் மாட்ட ஊருக்கு எடுத்துப் போனேன். மாமா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, ஃபேன் கெபாசிட்டரு?"

"ஆமா மாமா."

"ஸ்பீக்கர் சுத்துமாடா?"

பக்கத்தில் இருந்த லைட் கட்டும் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பெட்டியில் பழைய போர்டு, ஒரு பெட்டியில் புதியது, ஒரே பாட்டைப் போட்டு நடுத்தெருவில் நிற்க வைத்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பழைய போர்டு இருந்த பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார். ஜோடிக்குச் செலவு, கம்பி, கெபாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாயைத் தாண்டவில்லை. ஒரே ரிசப்ஷனில் பிடித்துக்கொண்ட பணத்தைவிடக் குறைவு.

இந்த ஆடியில் பதினொரு நிகழ்ச்சி. புதிய போர்டு போட்ட பெட்டிகளில் ஒரே ஒரு ட்வீட்டர் போனது. அது திருவிழா கடைசி நாளில், பையன்கள் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கடைசிவரை திருப்பி விடிய விடிய ஆடியபோது. ஆம்ப்ளிஃபயர் திணறி அலையின் தலையை வெட்ட ஆரம்பித்தால் அந்த வெட்டிலிருந்து பிறக்கும் உயர் அதிர்வெண்ணெல்லாம் 3000-க்கு மேலேதான். அதை க்ராஸ்ஓவர் தாராளமாக உள்ளே விடும், விடுவதுதான் அதன் வேலை. இதற்கும் ஒரு சாமான் இருக்கிறது, அதுவும் ஆடியோ கடையில் இல்லை. பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. ட்வீட்டருக்குத் தொடரில் போட்டால், குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம் அளவுக்குத்தான் இருக்கும். கரண்ட் அதிகமானால் எரிந்து சுமார் 7 ஓம் ஆகி, சூட்டைத் தான் வாங்கிக்கொள்ளும். பெரிய கம்பெனிகளின் மேடைப் பெட்டிகளிலும் இப்படிப் பல்பு வைப்பதுண்டு. நாலு பல்பு வாங்கிப் போட்டாயிற்று. இருட்டில் பெட்டியின் ஓட்டை வழியாக அது மினுக்கினால் வால்யூமைக் குறை என்று அர்த்தம். மிக்ஸரில் உட்காரும் பையனுக்கு இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

செட்டை விற்கும் பேச்சை மாமா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தைக்குள் இன்னொரு ஜோடிப் பெட்டி சேர்க்க வேண்டும் என்கிறார். அதற்கு இன்னும் எட்டு கெபாசிட்டரும் 600 கிராம் கம்பியும் வேண்டும். எதிர்ச்சாரி எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இப்போதெல்லாம் எத்தனை ஃபேன் என்று கேட்பதில்லை. என் தலையைப் பார்த்ததும் 2.25 டப்பாவையும் 2.5 டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "அளந்து பாத்துட்டு மீதியைக் குடுத்துடு தம்பி" என்கிறார்.